வறுமையின் நிறம்: ஐக்கிய அமெரிக்காவில் இனம், ஏழ்மை, பொதுசன அபிப்பிராயம்

1991ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் நடத்தப்பட்ட கருத்தாய்வொன்றில், நாட்டிலுள்ள ஏழைகளில் நூற்றுக்கு எத்தனை பேர் கறுப்பினத்தவர் என்ற வினா எழுப்பப்பட்டது. கிடைத்த விடைகளை ஏறுவரிசையில் வைத்து நோக்கியபோது அவற்றின் நடுப்பெறுமானம் 50 ஆக இருந்தது. உண்மையில் அக்காலத்தில் அது 29 மாத்திரமே. அரசியல் விஞ்ஞானியான மார்ட்டின் கிலென்ஸ் 1996இல் வெளியிட்ட ஆய்வொன்றில் இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். பொதுமக்கள் புள்ளிவிவரத்தைப் படித்துக்கொண்டு வாழ்பவரல்லர். எந்த நாட்டிலும் இத்தகைய மதிப்பீடுகள் பிழைபடுவது இயல்பே. ஆயின் வெறும் அறியாமையால் விளையும் பிழை இருபுறமுஞ் சிதறும். இப்பிழையோ ஒருபுறமே சாய்ந்து நிற்கின்றது. அந்தச் சாய்வுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அதன் பொருளாதார, கருத்துநிலைப் பின்னணியில் வைத்து விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். கறுப்பினத்தவரில் எத்தனை பங்கினர் ஏழைகள் என்பது ஒரு வினா. ஏழைகளில் எத்தனை பங்கினர் கறுப்பினத்தவர் என்பது வேறொரு வினா. முதலாவதற்குரிய விடையை இரண்டாவதன் விடையாக எடுத்துக்கொள்ளுமிடத்திலேதான் குழப்பம் தொடங்குகின்றது. அமெரிக்க அரசின் உத்தியோகபூர்வ வறுமைக் கணிப்புகள் 1959ஆம் ஆண்டு முதலாகக் கிடைக்கின்றன. அவ்வாண்டில் கறுப்பினத்தவரில் 55 சதவீதத்தினரும் வெள்ளையரில் 18 சதவீதத்தினரும் வறுமைக்கோட்டின்கீழ் வாழ்ந்தனர். விகிதம் ஒன்றுக்கு மூன்று. ஆனால் தலைகளை எண்ணுமிடத்து, வறிய வெள்ளையர் 2 கோடியே 85 இலட்சம் பேராகவும் வறிய கறுப்பினத்தவர் ஏறத்தாழ 1 கோடிப் பேராகவும் இருந்தனர். அறுபது ஆண்டுகள் கழிந்து, 2019இலும் நிலைமையின் அமைப்பு பெரிதும் மாறிவிடவில்லை. மக்கள்தொகையில் 13 சதவீதத்தினரான கறுப்பினத்தவர் ஏழைகளில் 24 சதவீதத்தினராக இருந்தனர். இலத்தீன் அமெரிக்க வழியினர் நீங்கலான வெள்ளையர் ஏழைகளில் 42 சதவீதத்தினராக இருந்தனர். இவற்றைக் கூறுவது கறுப்பினத்தவரின் வறுமையைச் சிறிதாக்குவதற்கன்று. அவ்வறுமை அளவுக்கு மிஞ்சியது; அடிமை முறையிலிருந்து தொடர்ந்து வருவது. கேள்வி வேறு: எண்ணிக்கையில் எப்போதும் பெரும்பாலாரல்லாத ஒரு பகுதியினர், ஏழை என்ற சொல்லின் முழு உருவமாக எவ்வாறு மாறினர்?

1930களின் பெருமந்தக் காலத்தை எடுத்துக்கொள்வோம். அக்காலத்து அமெரிக்க ஏழையின் முகம் வெள்ளையாகவே இருந்தது. ஜோன் ஸ்ரைன்பெக் 1939இல் எழுதிய 'கோபத்தின் கனிகள்' என்ற நாவலில், நிலத்தை இழந்து மேற்கே செல்லும் குடும்பம் வெள்ளையினக் குடியானவர் குடும்பமே. ஜேம்ஸ் ஏஜியும் வோக்கர் எவன்சும் சேர்ந்து 1941இல் வெளியிட்ட நூல், அலபாமா மாநிலத்தின் மூன்று வெள்ளையின வாரக்குடிகளின் குடும்பங்களைப் பற்றியது. அதே பருத்தி வயல்களில் அதே வாரத்துக்குக் கறுப்பினத்தவர் பயிரிட்டுக்கொண்டிருந்தமை இவ்வெழுத்துக்களின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றது. இவ்விடுபடுதல் எழுத்தாளரின் தனிப்பட்ட நிறவாதத்தால் நிகழ்ந்ததெனக் கருதுவது எளிமைப்படுத்தலாகும். கிராமிய வறுமையைப் படம்பிடிப்பதற்கென மத்திய அரசு அமைத்த புகைப்படப் பிரிவின் தலைவரான றோய் ஸ்ரைக்கர் 1937இல் புகைப்படக்கலைஞர் டொரத்தியா லாங்குக்கு எழுதிய கடிதமொன்று இவ்விடத்திற் கவனத்துக்குரியது. இரு இனத்தவரையும் படமெடுக்குமாறும், ஆயினும் வெள்ளையினக் குடியானவர்க்கே முதன்மை கொடுக்குமாறும், அப்படங்களே பரவலாகப் பயன்படுத்தப்படும் என்றும் அவர் அதில் அறிவுறுத்தியிருந்தார். அவர் நல்ல நோக்கமுடைய அதிகாரி. ஏழைகளுக்கு உதவும் சட்டங்களுக்கு ஆதரவு தேடியவர். ஆதரவு வேண்டுமாயின் முகம் வெள்ளையாக இருக்கவேண்டும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். இதே லாங் 1936இல் எடுத்ததும், பெருமந்தத்தின் சின்னமாக உலகெங்கும் அறியப்பட்டதுமான தாயின் படத்தை அமெரிக்கர் வெள்ளையினத் தாயாகவே கண்டனர். அப்பெண் செரோக்கி என்னும் ஆதிக்குடி வழிவந்தவர் என்பது பல தசாப்தங்களின் பின்னரே பரவலாகத் தெரியவந்தது. (அது அன்றே தெரிந்திருந்தால் அப்படத்துக்கு இத்துணைப் புகழ் வாய்த்திருக்குமா என்பது நமது ஊகத்துக்குரியது.) அதே அரசாங்கப் படத் தொகுதியிலிருந்த கறுப்பினத்தவரின் படங்களைக் கொண்டு றிச்சர்ட் றைற் 1941இல் 'பன்னிரண்டு மில்லியன் கறுப்புக் குரல்கள்' என்னும் நூலை உருவாக்கினார். படங்கள் இல்லாமலில்லை, அவற்றைப் பயன்படுத்துவோரே அரிதாயிருந்தனர்.

அக்காலத்துச் சட்டமும் இக்காட்சியோடு ஒத்திசைந்தது. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதுமைக் காப்புறுதியிலிருந்தும் வேலையின்மைக் காப்புறுதியிலிருந்தும் விவசாயக் கூலிகளையும் வீட்டுப் பணியாளரையும் விலக்கியது. கறுப்பினத் தொழிலாளரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இதனால் வெளியே நிறுத்தப்பட்டனர். தென்மாநிலத் தோட்ட முதலாளிகளின் அழுத்தமே இதற்குக் காரணமென்பாரும், நிருவாகச் சிக்கலே காரணமென்பாரும் உளர். விவாதம் எவ்வாறாயினும் ஒன்று மறக்கப்படலாகாது. இவ்வாறு விலக்கப்பட்டோரில் எண்ணிக்கையிற் பெரும்பாலோர் வெள்ளையினத்தவரே. மலிவான கூலியுழைப்பைக் காத்துக்கொள்வதற்கு எழுப்பிய வேலி, வெள்ளையின ஏழைகளையும் வெளியே வைத்துத்தான் எழுப்பப்பட்டது.

வேலியின் இருபுறத்தாரும் ஒன்றுசேர்ந்த தருணங்களும் உண்டு. பருத்தி விளைச்சலைக் குறைப்பதற்காக 1933 முதல் அரசு கொடுத்த மானியத்தை நிலவுடைமையாளர் தாமே எடுத்துக்கொண்டு குடிகளை வெளியேற்றியபோது, 1934 யூலையில் ஆர்க்கன்சோ மாநிலத்தின் ரைறன்சா என்ற ஊரில் 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தவரும் கூடித் தென்மாநிலக் குடியானவர் சங்கத்தை அமைத்தனர். 1919இல் அதே மாநிலத்தின் எலேன் பகுதியிற் கறுப்பினக் குடியானவரின் சங்கமொன்று இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்ட நினைவு அப்போது மறைந்திருக்கவில்லை. தனித்தனிச் சங்கமா ஒரே சங்கமா என்று விவாதித்து, ஒரே சங்கமென அவர்கள் முடிவுசெய்தனர். அடியாட்களும் பொலிசாரும் இவர்களை நடத்திய விதத்தை விவரிக்க இங்கு இடமில்லை. 1930களின் இறுதியிற் சங்கம் நலிந்துபோயிற்று. ஸ்ரைன்பெக்கின் நாவலைப் படித்த இலட்சக்கணக்கானோரில் இச்சங்கத்தின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

ஈண்டு ஓர் இடைக்குறிப்பு அவசியமாகின்றது. வெள்ளையின ஏழையின்மீது அமெரிக்க மேற்குடி எப்போதும் இரக்கமே கொண்டிருந்ததென நாம் கருதிவிடக்கூடாது. ஹென்றி கொடார்ட் என்ற உளவியலாளர் 1912இல் எழுதிய நூலொன்று, ஒரு வெள்ளையினக் குடும்பத்தின் வறுமையும் ஒழுக்கக்கேடும் தலைமுறை தலைமுறையாக இரத்தத்தில் வருவன என்று நிறுவ முயன்றது. 1927இல் உயர்நீதிமன்றம், வேர்ஜீனியா மாநிலத்தில் ஒரு வறிய வெள்ளையினப் பெண்ணுக்குக் கட்டாய மலடாக்கல் செய்வது சட்டத்துக்கு அமைவானதெனத் தீர்ப்பளித்தது. இனம் என்பது தோலின் நிறத்தை மாத்திரம் பற்றி நிற்பதன்று. ஏழைகளுள் ஒரு பகுதியினரைப் பிறவியிலேயே வேறானவராகக் காட்டும் தேவை எழும்போது வெள்ளைத் தோலின்மீதும் அது ஏற்றப்படலாம்.

இனி, படம் மாறிய காலத்துக்கு வருவோம். மைக்கேல் ஹரிங்டன் 1962இல் 'மற்ற அமெரிக்கா' என்ற நூலை வெளியிட்டபோதும், 1964 ஜனவரியில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் வறுமைக்கெதிரான போரைப் பிரகடனஞ் செய்தபோதும் பொதுமக்கள் மனக்கண்ணில் நின்றது அப்பலேச்சிய மலைப்பகுதியின் வெள்ளையினச் சுரங்கத் தொழிலாளியே. அவ்வாண்டு ஏப்ரலில் ஜோன்சன் கென்ரக்கி மாநிலத்தின் மலைக்கிராமமொன்றுக்குச் சென்று, ஒரு வெள்ளையினக் குடும்பத்தின் வீட்டு முற்றத்திலிருந்து படமெடுத்துக்கொண்டார். கிலென்ஸ், 'ரைம்', 'நியூஸ்வீக்' முதலிய மூன்று செய்திச் சஞ்சிகைகளின் படங்களை 1950 தொடக்கம் எண்ணிப் பார்த்துள்ளார். 1964இல் அவற்றில் இடம்பெற்ற ஏழைகளில் 27 சதவீதத்தினர் கறுப்பினத்தவர்; அது உண்மை நிலைக்கு அண்மையானதே. 1967இல் அது 72 சதவீதம்! மூன்றாண்டுகளில் நாட்டின் ஏழைகள் மாறிவிடவில்லை.

மாறியவை எவை? 1910க்கும் 1970க்குமிடையில் ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பினத்தவர் தெற்கின் கிராமங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அந்நகரங்களில் அவர்கள் விரும்பிய இடத்தில் வாழ முடியவில்லை. 1930களில் அரசு நிறுவனங்கள் வரைந்த வீட்டுக்கடன் வரைபடங்களிற் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு நிறந் தீட்டப்பட்டுக் கடனுக்குத் தகுதியற்றனவாக ஒதுக்கப்பட்டன. அரசு உத்தரவாதத்துடனான கடன்கள் வெள்ளையரைப் புறநகரங்களுக்கு இட்டுச்சென்றன. ஆகவே வெள்ளையின வறுமை நாடெங்கும் சிதறிக் கண்ணுக்குப் புலப்படாது கிடக்க, கறுப்பின வறுமை ஓரிடத்தில் திரட்டப்பட்டு, பெயருடைய ஒரு இடமாக, பத்திரிகை அலுவலகத்திலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்திலிருந்தது. பொய்த் தோற்றங்களும் சமூக உறவுகளாலேயே உற்பத்தியாகின்றன என்ற மார்க்சிய நிலைப்பாட்டுக்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் கிடைத்தல் அரிது.

எனினும் இடவமைப்பு மாத்திரம் போதிய விளக்கமாகாது. மிகப் பெரிய நகரப்பகுதிகளின் ஏழைகளிலுங்கூடக் கறுப்பினத்தவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே. இடப்பெயர்வோ மெதுவாக நிகழ்ந்தது. படங்களின் மாற்றம் திடீரென நிகழ்ந்தது. இடையில் நடந்தது கிளர்ச்சி. 1965 ஓகஸ்டில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வொட்ஸ் பகுதியும், 1967 யூலையில் நூவார்க்கும் டெற்றோயிற்றும் எரிந்தன. அதேவேளை நிவாரணத்தை உரிமையாகக் கேட்கும் குரலும் எழுந்தது. முன்னர் தென்மாநிலங்கள் நிவாரணத்தை எவ்வாறு பங்கிட்டன என்பதற்கு லூசியானா ஒன்றே போதும். 1943இல் அம்மாநிலம், பருத்தி வயலில் ஆள் தேவைப்படும் காலம் முழுவதும் வேலைசெய்யக்கூடிய தாய்மாருக்கு உதவி மறுக்கும் விதியை ஏற்படுத்தியது. 1960இல், தாயின் ஒழுக்கம் சரியில்லையெனக் கூறி ஏறத்தாழ 23,000 பிள்ளைகளின் உதவியை நிறுத்தியது. அவர்களிற் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். அறுபதுகளின் நடுப்பகுதியில் தேசிய நிவாரண உரிமை இயக்கம் தோன்றி, வறிய தாய்மாரை அலுவலகங்களுக்கு முன்னால் அணிதிரட்டியது. 1968இல் உயர்நீதிமன்றம் அலபாமாவின் இத்தகைய விதியொன்றை நிராகரித்தது. குடும்ப உதவி பெற்றோர் 1960இல் 30 இலட்சமாக இருந்து எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு கோடியைத் தாண்டினர். கறுப்பினத் தாய் உதவிபெறத் தொடங்கியபோதே, உதவி ஒரு 'பிரச்சினை' ஆயிற்று.

புலமையாளரும் இதற்குச் சொற்களை வழங்கினர். ஒஸ்கார் லூயிஸ் மெக்சிக்கோவின் ஏழைக் குடும்பங்களை ஆராய்ந்து 'வறுமைப் பண்பாடு' என்ற கருத்தை முன்வைத்தவர். அவர் இடதுசாரிச் சார்புடையவர். முதலாளித்துவ சமூகத்தில் விளிம்புக்குத் தள்ளப்பட்டோர் தம்மைத் தகவமைத்துக்கொள்ளும் முறையாகவே அதனை அவர் விளங்கிக்கொண்டார். ஆனால் கருத்துக்கள் தம்மைப் பெற்றவரின் சொற்கேட்டு நடப்பதில்லை. 1965இல் டானியல் பற்றிக் மொய்னிஹான் அரசுக்கு அளித்த அறிக்கை, வேலையின்மையின் தாக்கத்தைக் குறிப்பிட்டபோதிலும், கறுப்பினக் குடும்பத்தின் சிதைவையே நோயின் மையமாகக் காட்டியது. பத்திரிகைகள் முதலாவதை மறந்து இரண்டாவதைப் பிடித்துக்கொண்டன. கூலியும் வேலையும் பற்றிய வினா, தாயும் தந்தையும் பற்றிய வினாவாக உருமாறிற்று.

இதன் பின்னர் நிகழ்ந்தது மொழி சார்ந்தது. இலக்கிய மாணவனுக்கு இதுவே மிகுந்த அக்கறைக்குரியது. அமெரிக்காவில் 'வெல்ஃபெயர்' என்ற சொல் நலன் என்ற பொதுப்பொருளை இழந்து, வறிய தாய்மாருக்குக் கொடுக்கப்படும் காசு என்ற ஒன்றையே குறிக்கலாயிற்று. நமது பேச்சு வழக்கில் பொதுசன உதவிப் பணத்தைப் 'பிச்சைச் சம்பளம்' என்பதும், ஓய்வூதியத்தைப் 'பென்சன்' என்பதும் நினைவுகொள்ளத்தக்கன. இரண்டும் திறைசேரியிலிருந்தே வருகின்றன. ஒன்றைப் பெறுபவர் தலைகுனிகிறார், மற்றதைப் பெறுபவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அதனைச் சொல்லிக்கொள்கிறார். அமெரிக்கரும் முதியோர்க்கும் கல்விக்கும் மருத்துவத்துக்கும் அரசு கூடுதலாகச் செலவிடவேண்டும் என்றே கருத்தாய்வுகளிற் பெருவாரியாகக் கூறிவந்துள்ளனர். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் மாத்திரமே முகஞ்சுழிக்கின்றனர். அச்சொல்லுக்கு ஒரு நிறம் ஏறிவிட்டது.

1976இல் ஜனாதிபதி வேட்பாளர் நியமனத்துக்குப் போட்டியிட்ட றொனால்ட் றேகன், சிக்காகோவில் பல பெயர்களில் நிவாரணம் பெற்று ஆண்டொன்றுக்கு 150,000 டொலருக்குமேல் ஈட்டும் பெண்ணொருத்தியின் கதையை மேடைதோறும் சொன்னார். மோசடி செய்த ஒரு பெண் இருந்தது உண்மையே. 1977இல் அவர் தண்டிக்கப்பட்டார். நீதிமன்றில் நிரூபிக்கப்பட்ட தொகை 10,000 டொலரை எட்டவில்லை. றேகன் அப்பெண்ணின் நிறத்தைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தோரிடம் பத்தாண்டுப் படங்கள் ஏற்கனவே சேர்ந்திருந்தன. அதே எழுபதுகளில் இவ்வுதவியைப் பெற்றோரிற் கறுப்பினத்தவர் பாதிக்குக் குறைவானவரே.

படங்கள் எப்போதும் கறுப்பாகவே இருக்கவில்லை என்பதையுங் குறிப்பிடவேண்டும். 1974–75இலும் 1982–83இலும் பொருளாதார நெருக்கடி தோன்றி, 'நல்ல' தொழிலாளர் வேலையிழந்ததைப் பத்திரிகைகள் அனுதாபத்துடன் எழுதியபோது ஏழைகளின் முகங்கள் மீண்டும் வெளுத்தன. மோசடி, சோம்பல், தலைமுறை வறுமை எனப் பேச்சு மாறியதும் கறுத்தன. 1988க்கும் 1992க்குமிடையில் செய்திச் சஞ்சிகைகள் காட்டிய ஏழைகளில் 62 சதவீதத்தினர் கறுப்பினத்தவர். இப்படங்களைத் தெரிவுசெய்தவர்களிடமே கிலென்ஸ் தரப்பு வினவியபோது, ஏழைகளில் 42 சதவீதத்தினர் கறுப்பினத்தவர் என அவர்கள் சராசரியாக மதிப்பிட்டனர். அஃதாவது, அவர்களின் நம்பிக்கை உண்மையிலிருந்து விலகியது. அவர்களின் கை அந்த நம்பிக்கையிலிருந்தும் விலகியது. கிலென்சின் ஆய்வு இதுவரை அழைத்துவந்து நம்மை விட்டுவிடுகின்றது. பத்திரிகைகள் பிழையாகக் காட்டின, மக்கள் பிழையாக நம்பினர் என்பதோடு அவரது விளக்கம் பெரும்பாலும் அமைந்துவிடுகின்றது. அப்பிழை எவருக்குப் பயன்பட்டது என்ற வினா அவருடையதன்று.

நம்மவர் சிலர் இவ்வினாவுக்கு மிக விரைவாக விடை கூறிவிடுவதுண்டு: முதலாளி வர்க்கம் தொழிலாளரைப் பிரிப்பதற்குச் செய்த சூழ்ச்சி என்று. இவ்விடை வெள்ளையினத் தொழிலாளியை ஏமாளியாக்கிவிடுகின்றது. டு போய்ஸ் 1935இல் எழுதிய 'கறுப்பினப் புனரமைப்பு' என்ற நூல் இதனை ஆழமாக நோக்கியது. குறைந்த கூலி பெற்ற வெள்ளையினத் தொழிலாளிக்கு அக்கூலியோடு பொதுமதிப்பு, மனநிறைவு ஆகியவற்றாலான இன்னொரு கூலியும் கிடைத்தது. பூங்காவும் பாடசாலையும் வாக்குரிமையும் பொலிசாரின் மரியாதையும் அதில் அடங்கும் என அவர் விளக்கினார். அது கற்பனைக் கூலியன்று. கையில் எண்ணக்கூடிய பலன்கள் அதிலிருந்தன. அதனாலேயே அதனை வெறும் பிரசாரத்தால் அகற்றமுடியவில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் கையில் எண்ணக்கூடியதே.

1996 ஓகஸ்ட் 22ஆம் திகதி ஜனாதிபதி பில் கிளின்ரன் கையொப்பமிட்ட சட்டம், 1935 முதல் இருந்துவந்த குடும்ப உதவி உரிமையை ஒழித்தது. வேலை நிபந்தனையும் ஐந்தாண்டு உச்சவரம்பும் விதிக்கப்பட்டன. அவ்வாண்டில் பிள்ளைகளையுடைய வறிய குடும்பங்கள் நூற்றுக்கு 68 காசுதவி பெற்றன; 2020இல் நூற்றுக்கு 21 மாத்திரமே. சட்டம் கறுப்பினத் தாயின் உருவத்தை முன்னிறுத்தி விற்கப்பட்டது. கதவு எல்லோருக்கும் மூடப்பட்டது.

அண்மைக்காலத்தில் வெள்ளையின ஏழை மீண்டும் பேசுபொருளாகியுள்ளான். ஜே. டி. வான்ஸ் 2016இல் எழுதிய தன்வரலாற்று நூல், அப்பலேச்சிய வழிவந்த தன் உறவினரின் வறுமைக்கு அவர்களின் பழக்கவழக்கங்களையே பெருமளவுக்குப் பொறுப்பாக்கியது. ஐம்பதாண்டுகளுக்கு முன்னர் கறுப்பினக் குடும்பத்துக்கு எழுதப்பட்ட மருந்துச்சீட்டு, 1964இல் ஜோன்சன் அனுதாபத்தோடு போய் அமர்ந்த அதே மலைப்பகுதி மக்களுக்கு இப்போது எழுதப்பட்டது. நூலாசிரியர் 2025 ஜனவரியில் நாட்டின் உபஜனாதிபதியானார். அவ்வாண்டு யூலையில் நிறைவேறிய சட்டம், வறியோருக்கான மருத்துவத் திட்டமாகிய மெடிக்கெய்டில் நாடளாவிய வேலை நிபந்தனையை விதித்தது.

அந்நிபந்தனையை 2018இல் முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது ஆர்க்கன்சோ. ரைறன்சா அமைந்துள்ள அதே மாநிலம், மக்களிற் பெரும்பாலோர் வெள்ளையினத்தவரான மாநிலம். சில மாதங்களில் 18,000க்கும் மேற்பட்டோர் தம் மருத்துவக் காப்பை இழந்தனர். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதனை நிறுத்தியது. அவ்விதிக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ எல்லோரும் ஏற்கனவே வேலைசெய்துகொண்டோ விலக்குப் பெறும் தகுதியுடையோராகவோ இருந்தனர் எனப் பின்னர் நடந்த ஆய்வு காட்டிற்று. வேலைசெய்த மணிநேரங்களை அவர்கள் மாதந்தோறும் இணையத்தளமொன்றிற் பதியவேண்டியிருந்தது. அத்தளம் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 7 மணிக்குத் திறந்தது.